முதற் பாடத்தில் வெட்டியவை

ரபீக்கா மாடிப்படி ஏறி வந்தபோது புஸ்பராணி பாடத்தின் அடுத்த பதிப்பை எழுதிக்கொண்டிருந்தாள்.

பாடம் என்பது ஓர் இறுவட்டு. ரசிகர் பாட்டுச் செய்யப் பழகுகிறவர்களுக்கானது. ஒரு நடிகரின் நாலைந்து படங்களிலிருந்து காட்சிகளை வெட்டி, வேறொரு படத்தின் பாட்டுக்குப் பொருத்தி ஒட்டினால் அது ரசிகர் பாட்டு. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் திருகோணமலை நகரத்தில் அந்த மோகம் பெரிதாக இருந்தது. புதுப்படம் வரும் நாட்களில் கடைகளின் தொலைக்காட்சிகளில் ரசிகர் பாட்டுகள் ஓடின. பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் கணினி வகுப்பு நடத்திய புஸ்பராணியிடம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அவள் பதில்களை ஒழுங்காக எழுதி, பயிற்சிக்குரிய படத்துண்டுகளையும் சேர்த்து இறுவட்டில் பதிந்து கொடுத்தாள்.

எழுதியது நிலைக்கவில்லை. மென்பொருள் மாறியது. படங்கள் வீசீடியிலிருந்து டீவீடிக்கு மாறின. கோப்பின் பெயர் முடிவை மாற்றினால் படம் திறக்கும் என்று முதற் பதிப்பில் எழுதியிருந்தாள். டீவீடியில் அது திறக்கவில்லை. வேலையைச் சேமித்தபின் படங்களை அழித்து இடத்தை மிச்சம்பிடிக்கலாம் என்று யாரோ சொல்ல, அழித்தவர்களுடைய திரையில் காட்சிகளுக்குப் பதிலாகச் பெருக்கல் குறிபோலச் சிவப்புப் புள்ளடிகள் நின்றன. அதையும் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வசனம் கூடியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிப்பு வந்தது.

புதிய பதிப்புக்கு ஒரே நிபந்தனை. பழையதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் அதை மேசை விளிம்பில் வைத்து இரண்டாக உடைத்துவிட்டுத்தான் புதியதைக் கொடுப்பாள்.

"பழசு கையில இருந்தா பழசைத்தான் பாப்பினம். பிறகு என்னட்ட வந்து அழுவினம்" என்பாள்.

ரபீக்கா வாசலில் செருப்பைக் கழற்றினாள். கறுப்பு அபாயா. கையில் பொலித்தீன் பை.

"என்னைத் தெரியுதா டீச்சர்?"

புஸ்பராணி எழுந்தாள். "ஜெமீல்ட மனுசி."

"ஓம்."

கதிரையை இழுத்துப் போட்டாள். கீழே பஸ்காரர் கந்தளாய், கந்தளாய் என்று கூப்பிட்டார்கள்.

"வர ஏலாமப் போச்சு" என்றாள் புஸ்பராணி.

"அந்த நேரம் ஆரால வர ஏலும்?"

ஜெமீல் மூதூரில் ஐஸ் ஆலையில் வேலை செய்தவன். பெரிய நடிகர் ஒருவரின் ரசிகன்; ரசிகர் பாட்டுப் பழகப் புஸ்பராணியிடம் வந்தவன். ஆகஸ்டில் சண்டை மூண்டு மூதூர் முழுக்க நடந்து வெளியேறியபோது வழியில் ஷெல் பட்டுச் செத்துப்போனான். ரபீக்கா கந்தளாயில் பாடசாலை ஒன்றில் இருந்துவிட்டு, கிண்ணியாவில் லாத்தா, அதாவது தமக்கை, வீட்டுக்குப் போனாள். அங்கேதான் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் அந்தக் காலம் மார்கழியில் முடிந்தது. இப்போது தை. இரண்டாயிரத்தேழு.

"கச்சேரிக்கு வந்தேன். மரணப் பதிவு இன்னும் சரிவரல்ல. வாற புதனும் வரச் சொல்லியிரிக்காங்க." பையை மடியில் வைத்து மடித்தாள். "உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கணும்."

"கேளுங்கோ."

"அவர் நடந்து வாற படம். நீங்க சீடில போட்டது. அது வேணும்."

புஸ்பராணி திரும்பி மேசை விளிம்பைப் பார்த்தாள்.

"ஊட்டுல ஒண்டுமில்ல டீச்சர். கலியாண வீடியோ, அல்பம், எல்லாம் போயிட்டு. முகம் இரிக்கி, ஐடி காட்டுல. குரல்தான் போகுது. முதல்ல கண்ண மூடினா பேசுவாரு. இப்ப என்ட குரல்லதான் பேசுறாரு. அந்தப் படத்துல அவர் பேசுவாருதானே? பெருநாளைக்குச் சீலை எடுக்க வந்தப்ப நீங்க இதுலதான் போட்டுக் காட்டினீங்க."

காட்டியிருந்தாள். கணவனும் மனைவியும் இதே இடத்தில் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

சினிமாக் காட்சிகள் ஏற்கெனவே வெட்டி ஒழுங்காக்கப்பட்டவை. அவற்றை வைத்து வெட்டப் பழக முடியாது. தொடக்கத்திலும் முடிவிலும் தேவையற்றது ஒட்டியிருக்கும் துண்டு ஒன்று வேண்டும். அதற்காகக் கலியாண வீடியோ எடுக்கும் கனகசுந்தரத்திடம் கமராவை வாங்கிக்கொண்டு புஸ்பராணியும் ஜெமீலும் உட்துறைமுக வீதிக்குப் போனார்கள். புஸ்பராணி எடுத்தாள். ஜெமீல் நடிகரைப் போல வெறுங்காலுடன் நடந்து வந்தான். நடக்கத் தொடங்குமுன் ஏதோ பேசினான். நடந்து முடித்தபின் ஏதோ சொல்லிச் சிரித்தான். முதற் பாடம் அதுதான். இரண்டு இடத்தில் வெட்டுங்கள். பேச்சு உள்ள முன் துண்டையும் பின் துண்டையும் எறியுங்கள். நடையை வைத்துக்கொண்டு அதன் சத்தத்தை அடக்குங்கள். மேலே பாட்டைப் போடுங்கள்.

அந்தத் துண்டில் அவன் நடையைப் போலவே இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் கடற்படைக் கப்பல்கள். எடுத்த காலத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அது இப்ப என்னட்ட இல்லை ரபீக்கா."

"ஆரிட்ட இரிக்கி?"

"போன வருசம் சண்டை தொடங்கின உடன பாலையூற்றில என்ர மாணவன் ஒருத்தனைச் செக் பொயின்ற்றில பிடிச்சவங்கள். தவராசா எண்டு, ஓட்டோ ஓடுறவர். பையில இருந்தது இந்தச் சீடி. துறைமுகத்தை ஏன் படம் எடுத்தனீ எண்டு கேட்டு வச்சிருந்தவங்கள். பிறகு விட்டவங்கள். நான் இஞ்ச இருந்ததை அழிச்சிட்டன். வெளியில போன சீடியளையும் திருப்பி எடுத்திட்டன்."

"எடுத்து?"

"உடைச்சிட்டன்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒருத்தர் கூட வெச்சிரிக்க மாட்டாங்களா?"

"ஒருத்தரும் வச்சிருக்கக் கூடாதெண்டுதான் ஓடித் திரிஞ்சனான்."

ரபீக்கா தலையாட்டினாள். கோபம் எதுவும் தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கிண்ணியாவுக்குக் கடலைக் கடந்து போக வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை ஊரில் பாதை என்பார்கள்.

"பாதை நிண்டிரும். புதன்கிழமை ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப் போறேன். இல்லாட்டிப் பரவாயில்ல."

அவள் போனபின் புஸ்பராணி கணினியின் முன் அமர்ந்தாள். ஒரு வசனம் எழுதி அழித்தாள்.

ஜெமீல் செத்த செய்தி வந்த பிறகும் சில பழைய இறுவட்டுகள் திரும்பி வந்தன. அவற்றையும் உடைத்தாள். அந்த நேரம் அவளுக்குக் கப்பல்களின் நினைவுதான் இருந்தது.

பாடமும் அவன் போனதிலிருந்து நகரவில்லை. ஒவ்வொரு பதிப்பையும் முதலில் அவனிடம்தான் கொடுப்பாள். மூதூரிலிருந்து லோஞ்சில் கடல் கடந்து வந்து இறங்குவான். எழுதியதை உரத்து வாசிப்பான். வாசித்ததை மட்டும் செய்வான். எங்கே கை நின்றதோ அங்கே விரலை வைப்பான்.

"எனக்கு விளங்கல்லண்டா எழுத்துலதான் பிழ டீச்சர்."

அதைத் திமிர் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவன் விரல் வைத்த இடங்களில் எல்லாம் மாணவர்களும் தடுக்கி விழுவதைக் கண்டாள். இப்போது எழுதுகிற எல்லாமே அவளுக்குச் சரியாகப்பட்டன. விரல் வைக்க ஆளில்லை. ஜெமீலின் துண்டுக்குப் பதிலாகப் பக்கத்து மதிலில் பூனை நடப்பதை எடுத்துப் போட்டிருந்தாள். பூனைக்கு என்ன பாட்டுப் போடுவது என்று மாணவர்கள் கேட்டார்கள்.

அடுத்த நாள் கனகசுந்தரத்திடம் போனாள். கமராவின் பழைய கசெற் ஏதும் இருக்குமா என்று கேட்டாள்.

"அதுக்கு மேல எத்தினை கலியாணம் எடுத்தாச்சு பிள்ளை" என்றார் அவர்.

திரும்பி வராத இறுவட்டு ஒன்று இருந்தது. ஈச்சிலம்பற்றில் குணரத்தினம் என்பவர் வாங்கிப் போனது. அந்தச் சனம் ஏற்கெனவே ஊரைவிட்டு எழும்பிவிட்டது. வெருகலைக் கடந்து வாகரைக்குப் போனவர்கள் அங்கிருந்து எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் சுமந்து போன பொருட்களில் ஒரு பாடம் இருந்திருக்காது.

மிஞ்சியது மாணவர்கள் செய்த பாட்டுகள். அவற்றைக் கேட்டு வாங்க அவளுக்கு யோசனையாக இருந்தது. முதலில் கேட்க வேண்டியவன் தவராசா. அவன்தான் எல்லோருடனும் பழகியவன்.

தவராசா பாலையூற்றில் வீட்டு முற்றத்தில் ஓட்டோவின் சில்லைக் கழற்றி வைத்திருந்தான். அவளைக் கண்டதும் கையைச் சாரத்தில் துடைத்தான். தாயைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னான். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்குமட்டும் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படத்தை எனக்கு முன்னால கதைக்காதேங்கோ டீச்சர்."

"தெரியும். வேற ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. உம்மட்டக் கேக்காமலும் கேக்கக்கூடாது."

அவன் சில்லின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சிரட்டையில் போட்டான்.

"திருப்பித் திருப்பிப் போட்டவங்கள். ஆர் இவன் எண்டு கேட்டாங்கள். தெரியாது, பாடத்தில வாறவர் எண்டன். என்ன பாடம் எண்டாங்கள். வெட்டிற பாடம் எண்டன்." சிரித்தான். "அதுக்குத்தான் கூட அடிச்சது."

புஸ்பராணி தலை குனிந்தாள்.

"நான் செய்த பாட்டையும் போட்டவங்கள். அதில ஒருத்தன் சொன்னான், பாட்டு நல்லாப் பொருந்துதாம்."

"அதில அவற்ற குரல் இருந்ததோ?"

"எப்பிடி இருக்கும்? நீங்கள்தானே எறியச் சொன்னது. முன்னுக்கும் பின்னுக்கும் எறிஞ்சு, சத்தத்தை அடக்கி, சொன்ன மாதிரித்தான் செய்தனான். எல்லாரும் அப்பிடித்தான் செய்திருப்பினம்."

அது உண்மை. எல்லோரும் சரியாகச் செய்யும்வரைக்கும் அந்தப் பாடத்தைத் திருத்தித் திருத்தி எழுதியவள் அவள். யாராவது ஒருவர் தன் பாட்டை ஒளித்து வைத்திருந்தாலும் அதில் ஜெமீல் ஊமையாகத்தான் நடந்து வருவான்.

தாய் தேத்தண்ணியுடன் வந்தாள். புஸ்பராணி குடித்தாள். எழும்பும்போது தவராசா சொன்னான்:

"அந்தத் தையல்கார நானா ஒருத்தர்தான் டீச்சருக்குத் தண்ணி காட்டினது. ஞாபகமோ? நீங்கள் கத்தின கத்தில கீழ பஸ் ஸ்ராண்டே மேல பாத்தது."

"முஹம்மது தம்பி நானா."

"எறிய வேண்டியதை வச்சு, வைக்க வேண்டியதை எறிஞ்ச மனுசன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

முஹம்மது தம்பியின் தையற்கடை சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. ஐம்பது கடந்தவர்; எல்லோருக்கும் நானா, அண்ணன். அந்த நடிகரின் முதற் படத்திலிருந்தே ரசிகர். கடையில் நடிகரின் பெரிய படம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே அளவு நாடா தொங்கியது.

"வாங்க டீச்சர். சட்டையா பாடமா?"

"பாடம் நானா."

"பாடமெண்டா இந்தக் கடை இல்ல. நீங்கதானே பெயில் போட்டு அனுப்பினீங்க."

திரைக்குப் பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி உம்மு குல்சும் சொன்னாள்: "வாங்க டீச்சர். நீங்க பெயில் போட்ட அண்டு இந்த மனுசன் சோறு தின்னல்ல. எனக்குச் சந்தோசம், மிஞ்சின மீன் முழுக்க எனக்கு."

"நீ சும்மா இரி."

புஸ்பராணி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க செய்த அந்தப் பாட்டு இருக்கோ?"

அவர் வீதியைப் பார்த்தார். "பழைய சீடிய அப்பவே தந்துட்டேன். எனக்கு முன்னாலதான் உடைச்சீங்க."

"அது ஓம். நீங்க செய்து பதிஞ்சது?"

"அதை ஏன் தரணும்? அதுல கப்பல் இல்லையே. கப்பல் உள்ள துண்டத்தானே நான் எறிஞ்சது."

"ஏன் நானா அப்பிடி வெட்டினீங்கள்? அண்டைக்கு நான் கேக்கேல்லை. ஏசிப்போட்டு விட்டிட்டன்."

அவர் மேசையில் கிடந்த சட்டைத்துணியை விரித்தார். கழுத்துப் பக்கம் வெள்ளைச் சோக்கால் வளைவு போட்டிருந்தது.

"இதப் பாருங்க. கழுத்து வெட்டுறண்டா நடுவத்தான் வெட்டி எறியிற. ரெண்டு பக்கமும்தான் சட்டை. நீங்க ரெண்டு இடத்துல வெட்டுங்கண்டு எழுதியிரிந்தீங்க. கை தானாப் போயிட்டு."

அவருக்குப் பிறகு வந்த பதிப்பில் 'நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று புஸ்பராணி ஒரு வசனம் சேர்த்தாள். அதன் பின் யாரும் பிழைவிடவில்லை.

"சத்தத்தையும் அடக்கேல்லை, பாட்டும் போடேல்லை."

"அதுவரைக்கும் வாசிக்கல்ல. அதுக்குள்ள கரண்டு போயிட்டு. வந்தவுடன இரிந்ததப் பதிஞ்சிட்டேன்."

உம்மு குல்சும் திரையை விலக்கி வந்தாள். அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, நூற்கட்டைகளுக்கு அடியிலிருந்து ஓர் இறுவட்டை எடுத்தாள். "கொண்டு போங்க டீச்சர். கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி உயிரெடுத்த சாமான்."

"இப்ப என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்டார் முஹம்மது தம்பி.

"ஜெமீல்ட மனுசி வந்தவ. அவற்ற குரல் வேணுமாம்."

முஹம்மது தம்பி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவித் திரும்பப் போட்டார்.

"பேசுறாருதான். கைய எங்க வைக்கிறண்டு கேக்கிறாரு. நாங்க சிரிச்சம் அதுக்கு."

அவர் சட்டைத்துணியில் ஒரு பகுதியைக் கிழித்து இறுவட்டைச் சுற்றினார். அதற்கு மேல் இன்னும் இரண்டு துண்டுத் துணியை வைத்து மடித்து, சாரி பிளவுஸுக்கு அளவெடுத்ததுபோல ஊசி குத்தினார்.

"திருப்பித் தர வேணாம்" என்றார்.

மணிக்கூட்டுச் சந்தியில் நேவிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். துணிப்பொதியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். ஊசி குத்தியதும் கையை உதறிக்கொண்டு போகச் சொன்னான். அவள் மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

கணினியில் போட்டாள்.

முதலில் ஒரு மதில். மதிலின் முன் ஜெமீலின் தோளும் நாடியும். கமராவை எப்படிப் பிடிப்பதென்று அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. காற்று இரைந்தது.

"டீச்சர், தொடங்கிட்டா?"

"ஓம், தொடங்கிட்டன்." அது அவளுடைய குரல். அவசரமான, மெல்லிய குரல்.

"கைய எங்க வைக்கிற?"

"எங்கயாவது வையுங்கோ. நடவுங்கோ."

"அவரு பொக்கெட்டுக்குள்ளதானே வைப்பாரு. எனக்குப் பொக்கெட் இல்லையே."

அங்கே படம் துள்ளியது. நடை இல்லை. அடுத்தது கொதிக்கும் சீமெந்துத் தரை, இரண்டு வெறுங்கால்கள் மாறி மாறி எழும்பித் தாழ்ந்தன. அவனுடைய சிரிப்பு. பிறகு மூச்சு வாங்கியபடி, "அல்லாஹ்வே, கால் வேகுது. செருப்பு எங்க?" அதோடு முடிந்தது.

அவள் பல வருடங்களாக மாணவர்களை எறியச் சொன்னது இதைத்தான்.

செவ்வாய் முழுவதும் அதில் வேலை செய்தாள். சத்தத்தை மட்டும் பிரித்து எடுத்தாள். காற்றின் இரைச்சலைக் குறைத்தாள். இரண்டு துண்டும் ஒட்டும் இடத்தின் துள்ளலை மழுக்கினாள். கேட்க நன்றாக இருந்தது. நன்றாக வந்த வேலையைப் பார்க்கும்போது வரும் நிம்மதி அவளுக்கு வந்தது.

புதன்கிழமை மதியத்துக்கு முன் ரபீக்கா வந்தாள். கச்சேரியில் மறுபடியும் வேறொரு நாள் சொல்லியிருந்தார்கள். வாசலிலேயே நின்று முகத்தைப் பார்த்தாள்.

"கிடைச்சது" என்றாள் புஸ்பராணி.

ரபீக்கா உள்ளே வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

புஸ்பராணி துப்புரவாக்கிய சத்தத்தைப் போட்டாள். ஸ்பீக்கரின் அளவைக் கூட்டினாள். அது ஓடி முடிந்தது.

ரபீக்கா அசையவில்லை.

"இது ஆரு?" என்றாள்.

புஸ்பராணிக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. "ஜெமீல்."

"இவரா?"

"ஓம். நான்தானே எடுத்தனான். பக்கத்தில நிண்டனான்."

"இன்னொருக்கா போடுங்க."

போட்டாள். ரபீக்கா ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் இல்ல டீச்சர்."

கீழே ஒரு பஸ் புறப்பட்டுப் போனது. மின்விசிறி சுழன்றது. புஸ்பராணி சுட்டியைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நான் காத்துச் சத்தத்தை எடுத்துப்போட்டன். அதோட குரலும் கொஞ்சம் போயிருக்கும். எடுக்காதது இருக்கு. அதைப் போடுறன். படத்தோட."

"படம் வேணாம். சத்தம் மட்டும்."

தொடாத துண்டைப் போட்டாள். திரையை அணைத்தாள். காற்று இரைந்தது. இரைச்சலுக்குள் அவன் கேட்டான், தொடங்கிட்டா என்று. அவள் பதில் சொன்னாள். அவனுக்குப் பொக்கெட் இல்லை. துள்ளல். சிரிப்பு. கால் வேகுது. செருப்பு எங்க.

ரபீக்கா கண்களை மூடியிருந்தாள். முடிந்தபின்னும் திறக்கவில்லை.

"இன்னொருக்கா."

மறுபடி ஓடியது.

"அந்த அல்லாஹ்வே" என்றாள் ரபீக்கா. "அத அப்பிடித்தான் இழுப்பாரு." கண்களைத் திறந்தாள். "இவர்தான் டீச்சர். நான் வேற மாதிரி வெச்சிரிந்தேன். இன்னும் கனமா. எப்ப மாத்தினேண்டு தெரியல்ல."

அவள் அழுதாள். நீண்ட நேரம் இல்லை. முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொலித்தீன் பையிலிருந்து ஒரு கசெற்றை எடுத்தாள்.

"லாத்தா வீட்டுல கசெற் போடுற ரேடியோ ஒண்டுதான் இரிக்கி. இதுல பதியலாமா? வெறும் கசெற்தான், இண்டைக்கு வாங்கினது."

புஸ்பராணி அலுமாரியிலிருந்து பழைய ரேடியோவை இறக்கித் தூசு தட்டினாள். கணினியிலிருந்து அதற்கு வயரைக் கொடுத்தாள். செய்யும்போது ஒன்று நினைவுக்கு வந்தது.

"அதில என்ர குரலும் வருது. நடுவில. அதை எடுத்துவிடுறன். கனக்க இல்லை, ரெண்டு இடம்தான்."

"எடுக்க வேணாம்."

"உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"நீங்க சொன்னதுக்குத்தானே அவர் பேசுறாரு. நீங்க இல்லாட்டி அவர் ஆரோட பேசுவாரு?"

புஸ்பராணி கையை எடுத்தாள்.

"ஒரு தரம் மட்டும் பதிஞ்சா, திருப்பித் திருப்பிக் கேக்கத் தேஞ்சு போயிரும்" என்றாள் சற்றுக் கழித்து. "பக்கம் முழுக்கத் தொடர்ந்து வாற மாதிரிப் பதிஞ்சு தாறன். ஒண்டு தேஞ்சாலும் மற்றது இருக்கும்."

ரபீக்கா யோசித்தாள்.

"வேணாம் டீச்சர். ஒருக்காத்தான் சொன்னாரு. தொடர்ந்து சொன்னா மிஷின் மாதிரி ஆயிரும். ஒருக்காப் போதும்."

"தேஞ்சா?"

"தேயட்டும். கொஞ்சமாத்தான் கேப்பேன்."

பதிவு நடக்கும்போது இருவரும் மூச்சடக்கி இருந்தார்கள். வயரில்தான் பதிகிறது, அறையில் பேசினாலும் அதில் விழாது என்று புஸ்பராணிக்குத் தெரியும். ஆனாலும் பேசவில்லை. நாடா சுற்றியது. ஜெமீலின் பகுதி முடிந்ததும் நிறுத்தினாள். திருப்பிச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள். காற்றும் அவனும் அவளும் ரேடியோவின் சிறிய வாயிலிருந்து வந்தார்கள். ரபீக்கா தலையாட்டினாள்.

"கணினியில உள்ளது?" என்று கேட்டாள்.

"என்ன செய்யச் சொல்லுறியள்?"

"கப்பல் இல்லைதானே?"

"இல்லை. ஆனா அவங்கள் வந்தா, ஆர் இது, எங்க எடுத்தது எண்டு கேப்பாங்கள்."

"அப்ப அழிச்சிருங்க. இதுக்காக இன்னொராளைப் பிடிச்சிட்டுப் போக வேணாம்."

"பாடத்தில சத்தம் பற்றி ஒரு பகுதி இருக்கு. படம் இல்லாம, குரலை மட்டும் அதில பயிற்சிக்கு வைக்கலாம். எல்லாரிட்டயும் இருக்கும். ஒரு இடத்தில துலைஞ்சாலும் இன்னொரு இடத்தில இருக்கும்." சொல்லும்போதே அவளுக்கு அது நல்ல வழியாகத் தோன்றியது. இந்த வழியை முன்பே யோசித்திருக்கலாமே என்றும் தோன்றியது.

ரபீக்கா அவளைப் பார்த்தாள். முகத்தில் கடுமை இல்லை.

"நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா ஆக்கள் அவர வெட்டிப் பழகினது போதும் டீச்சர்."

புஸ்பராணி கணினிப் பக்கம் திரும்பினாள். திரையைத் திரும்பப் போட்டாள். மதிலும் நாடியும் தெரிந்தன. ரபீக்கா இம்முறை பார்த்தாள். பார்த்து முடித்ததும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். புஸ்பராணி கோப்பை அழித்தாள். துப்புரவாக்கியதையும் அழித்தாள். முஹம்மது தம்பியின் இறுவட்டை எடுத்து மேசை விளிம்பில் வைத்தாள். அது உடைந்தது. ரபீக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கசெற்றை எடுத்து, அதன் முதுகுப் பக்கம் இரு ஓரத்திலும் இருந்த சிறு பிளாஸ்ரிக் தகடுகளைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பினாள். ஒன்று தெறித்து நிலத்தில் விழுந்தது.

ரபீக்கா எட்டிக் கையைப் பிடித்தாள். "என்ன செய்றீங்க? உடைச்சாக் கெட்டுப் போயிராதா?"

"இல்லை. இது இருந்தாத்தான் ஆரும் தெரியாமப் பட்டனை அமத்தினா மேல பதிஞ்சிரும். இப்ப ஏலாது."

"ஆருக்கும் ஏலாதா?"

"ஆராலயும் ஏலாது."

ரபீக்கா கையை விட்டாள். புஸ்பராணி மற்றத் தகட்டையும் உடைத்தாள். கசெற்றைப் பெட்டியில் போட்டு மூடிக் கொடுத்தாள். ரபீக்கா அதைப் பொலித்தீன் பையில் கச்சேரிக் கடதாசிகளுக்கு நடுவில் வைத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பாதைக்கு நேரமாகிறது என்றாள்.